அயல்நாட்டு மாணவரும் அமெரிக்கக் கல்வி வாயிலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் பல உள. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, ஸ்டான்போர்டு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்னும் பெயர்களை இன்று நம் பள்ளி மாணவரும் அறிவர். அவற்றுள் ஒன்றிலே சேர்ந்து பயில வேண்டும் என்னும் அவா நகரத்து மாணவர்க்கு மட்டும் உரியதன்று. சிற்றூர்களிலும் அது வேரூன்றியுள்ளது. அங்கே இடம் பெறும் வாய்ப்பு ஓர் அயல்நாட்டு மாணவனுக்கு எவ்வளவு? அறிவுடையவன் எவனும் அங்கே நுழைந்துவிடலாமா? நுழைய இயலாதவன் அறிவில் குறைந்தவனா? இவ்வினாக்களுக்கு விடை காணப் புகுவோர் பலரும் இன்றைய விதிமுறைகளை மட்டுமே ஆராய்வர். யான் வரலாற்றின் துணையை நாட விரும்புகிறேன். ஏனெனில், அந்த வாயில் எல்லாக் காலத்தும் ஒரே அகலம் உடையதாய் இருந்ததில்லை. அதைத் திறந்த திறவுகோலும் எல்லாக் காலத்தும் ஒன்றாய் இருந்ததில்லை.

முதலில், நம் சென்னையோடு தொடர்புடைய ஒரு செய்தியைக் கூறுகின்றேன். ஹார்வர்டு கல்லூரி 1636-இல் தோன்றியது. பின்னர் யேல் எனப் பெயர் பெற்ற கல்லூரி 1701-இல் தொடங்கப்பெற்றது. அதற்கு அப்பெயர் வந்த வரலாறு சுவையானது. எலிஹு யேல் என்பார் பாஸ்டன் நகரிற் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக 1672-இல் சென்னைக்கு வந்தவர். 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தார். தம் சொந்த வாணிபத்தாற் பெரும்பொருள் ஈட்டினார் என்ற குற்றச்சாட்டின்மீது பதவியினின்று நீக்கப்பெற்றார். இங்கிலாந்து திரும்பிய பின், 1718-இல் அக்கல்லூரிக்கு ஒன்பது சிப்பம் சரக்கும், 417 நூல்களும், ஜார்ஜ் மன்னரின் ஓவியமும் அனுப்பிவைத்தார். சரக்கு 562 பவுனுக்கு விலைபோயிற்று. நன்றியுணர்வால் கல்லூரியார் அவர் பெயரையே கல்லூரிக்குச் சூட்டினர். சென்னைக் கோட்டையில் ஆட்சி புரிந்தவர் ஈட்டிய செல்வத்தின் ஒரு பகுதி அமெரிக்கக் கல்லூரி ஒன்றை வளர்த்தது. ஆனால் அச்செல்வம் விளைந்த மண்ணின் மக்களுக்கு அக்கல்லூரியில் இடமுண்டோ என்ற எண்ணமே அன்று எவர்க்கும் எழவில்லை. அவர் ஆட்சி நடந்த நாளில் அக்கோட்டையில் அடிமை வாணிபமும் நடந்தது. தன் தொடக்ககால வரலாற்றில் அடிமை முறையோடு இருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024-ஆம் ஆண்டில் மன்னிப்புக் கோரியது. செல்வம் கடல் கடப்பது எளிது. மாணவன் கடல் கடப்பது அரிது என்பதற்கு இந்நிகழ்ச்சி நல்லதொரு சான்று.

அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதற் சீனர் யுங் விங் என்பவர். மக்காவோவுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் 1828-இல் எளிய குடும்பத்திற் பிறந்தவர் அவர். பாதிரிமார் பள்ளியிற் பயின்றார். அப்பள்ளியின் ஆசிரியர் தம் தாய்நாடு திரும்பியபோது 1847-இல் அவரோடு அமெரிக்கா சென்றார். 1850-இல் யேல் கல்லூரியின் நுழைவுத் தேர்வை எழுதினார். அக்காலத்தே அத்தேர்வில் இலத்தீனும் கிரேக்கமும் கணிதமும் இன்றியமையாதவை. யுங் விங் இலத்தீன் பயின்றது பதினைந்து மாதம். கிரேக்கம் பயின்றது பன்னிரண்டு மாதம். கணிதம் பயின்றது பத்து மாதம். எனினும் தேர்வில் வென்று இடம் பெற்றார்.

இடம் கிடைத்துவிட்டது, பொருள் எங்கே? அவர் முன்பு பயின்ற பள்ளியின் அறங்காவலர் ஓர் உதவித்தொகையைக் காட்டினர். படிப்பு முடிந்தபின் சமயப் பரப்புநராகவே தாய்நாடு திரும்புவேன் என்று உறுதிமொழி எழுதித் தரவேண்டும் என்பது அத்தொகைக்கு இருந்த கட்டுப்பாடு. வறுமையில் இருந்த அவ்விளைஞர் அதை ஏற்க மறுத்தார். சீனாவுக்கு நன்மை செய்ய எத்துணையோ வழிகள் இருக்கக்கூடும்; அவற்றுள் ஒன்றிற்கே தம்மை முன்கூட்டிக் கட்டிக்கொள்ளலாகாது என்பது அவர் கருத்து. பின்னர் ஜார்ஜியா மாநிலத்துச் சவன்னா நகரப் பெண்டிர் சங்கம் ஒன்று அவருக்கு உதவியது. மாணவர் உணவு விடுதியில் பணிசெய்தும், நூலகப் பணி பார்த்தும் எஞ்சிய செலவை ஈடுகட்டினார். கணிதத்தில் இடர்ப்பட்ட அவரே ஆங்கிலக் கட்டுரைப் போட்டியிற் பரிசுகளும் பெற்றார். 1854-இல் பட்டம் பெற்றார். மாணவர்களே, இவ்வரலாற்றில் இரண்டு வாயில்கள் உள்ளன என்பதைக் கருதுக. ஒன்று தேர்வு என்னும் வாயில். மற்றொன்று பொருள் என்னும் வாயில். முதலாவதைக் கடப்பவன் இரண்டாவதிலே தடைப்படுதல் உண்டு. இவ்வுண்மை இன்றளவும் மாறவில்லை.

தாம் பெற்ற கல்வியைத் தம் நாட்டு இளைஞரும் பெற வேண்டும் என்று யுங் விங் பல்லாண்டு முயன்றார். அவர் முயற்சியால் சீன அரசு 1872 முதல் 1875 வரை ஆண்டுக்கு 30 சிறுவராக 120 பேரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்போர்டு நகரைத் தலைமையிடமாகக் கொண்டு அச்சிறுவர் அமெரிக்கக் குடும்பங்களிலே தங்கிப் பயின்றனர். அவர்களுட் பலர் யேல் முதலிய கல்லூரிகளிற் சேர்ந்தனர். பதினைந்து ஆண்டுத் திட்டம் அது. ஆனால் 1881-இல் சீன அரசு அனைவரையும் திரும்ப அழைத்துக்கொண்டது. சிறுவர் தம் நாட்டு நெறி மறந்து அயலார் பழக்கங்களை மேற்கொள்கின்றனர் என்ற அச்சம் ஒரு காரணம். சீன மாணவருக்கு அமெரிக்கத் தரைப்படை, கடற்படைக் கல்லூரிகளில் இடம் மறுக்கப்பட்டமை மற்றொரு காரணம். அமெரிக்காவில் வளர்ந்துவந்த சீனர் வெறுப்பும் அதனோடு சேர்ந்தது. அதற்குள் பட்டம் முடித்திருந்தவர் இருவரே.

அவ்விருவருள் ஒருவர் ஜான் தியன்யூ. யேலில் பொறியியல் பயின்ற அவர், பெய்ஜிங்கிலிருந்து ஜாங்ஜியாகௌ வரை செல்லும் இருப்புப்பாதையை 1905-இல் தொடங்கி 1909-இல் முடித்தார். மலைத்தொடரைக் குடைந்து சென்ற அப்பாதை அயல்நாட்டுப் பொறியாளரை நம்பாது சீனர் தாமே அமைத்தது. ஒருவர் கல்வியால் ஒரு நாடு இவ்வளவு பெற்றதெனின், பாதியில் அழைக்கப்பட்ட ஏனையோர் அனைவரும் முழுமையும் பயின்றிருந்தால் எவ்வளவு பெற்றிருக்கும்! அவர்கள் கல்வி தடைப்பட்டது அறிவுக் குறைவால் அன்று. இரண்டு அரசுகளின் மனமாற்றத்தால். அடுத்த ஆண்டாகிய 1882-இல் அமெரிக்கப் பேரவை சீனத் தொழிலாளரின் வருகையைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. மாணவருக்கு அதில் விலக்கு இருந்தது உண்மை. ஆயினும் துறைமுகத்தில் இறங்கும் இளைஞன் தான் மாணவனே என்பதை மெய்ப்பிக்கும் சுமையை ஏற்க வேண்டியிருந்தது. முதற்பட்டதாரியாகிய யுங் விங்கும் தப்பவில்லை. 1852-இல் அவருக்கு அளித்த குடியுரிமை 1898-இல் செல்லாதென அறிவிக்கப்பட்டது.

அரசியல் வாயிலை அடைப்பதுபோலவே திறப்பதும் உண்டு. சீனாவில் நடந்த பாக்சர் கிளர்ச்சிக்குப் பின் வல்லரசுகள் அந்நாட்டின்மீது பெரும் இழப்பீட்டுத் தொகை சுமத்தின. தன் பங்கில் மிகையாக இருந்த பகுதியைத் திருப்பித்தர அமெரிக்கா 1908-இல் இசைந்தது. அத்தொகை சீன மாணவரை அமெரிக்காவுக்கு அனுப்பும் உதவித்தொகையாக மாற்றப்பட்டது. போட்டித் தேர்வு நடத்தி 1909-இல் 47 பேரும், 1910-இல் 70 பேரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இரண்டாம் அணியிற் சென்றவர் ஹு ஷி. கார்னெல் பல்கலைக்கழகத்திலும் கொலம்பியாவிலும் பயின்று, சீன மொழியிற் பேச்சு வழக்கை எழுத்துக்குக் கொணர்ந்த இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரானார். மாணவரை ஆயத்தம் செய்வதற்காக 1911-இல் தோன்றிய பள்ளியே பின்னாளிற் புகழ்பெற்ற சிங்குவா பல்கலைக்கழகமாக வளர்ந்தது. வாயில் முப்பது ஆண்டுக்குள் அடைபட்டுத் திறந்தது. மாணவர் திறனில் இடையே மாறுதல் ஏதும் நிகழவில்லை. மாறியது அரசுகளின் கொள்கையே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் நாடு அடிமைப்பட்டிருந்த காலத்தில் மேற்படிப்புக்குச் செல்வோர் பெரும்பாலும் இங்கிலாந்தையே நாடினர். அமெரிக்கா சென்றோர் சிலரே. அவர்களுள் மூவர் வரலாறு நமக்குப் பாடமாகத் தக்கது.

அண்ணல் அம்பேத்கர் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகை அவருக்கு வழி திறந்தது. மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்று ஆண்டு என்பது அத்தொகையின் அளவு. காலம் குறுகியது என்பதை உணர்ந்த அவர் பொருளியலும் சமூகவியலும் வரலாறும் மெய்யியலும் ஒருங்கே பயின்றார். 1915-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பொருளியற் பேராசிரியர் செலிக்மன், மெய்யியற் பேராசிரியர் ஜான் டூயி ஆகியோரின் மாணவராயினார். தம் நாட்டில் பள்ளியறைக்குள்ளேயே ஒதுக்கிவைக்கப்பட்ட ஒருவர், கடலுக்கு அப்பால் எல்லாரோடும் ஒரே வரிசையில் அமர்ந்து கற்றார் என்பது எண்ணுந்தொறும் நெஞ்சை உருக்குவது. அதே பல்கலைக்கழகம் 1952-இல் அவருக்குச் சிறப்பு முனைவர் பட்டம் அளித்துப் பெருமை கொண்டது.

இரண்டாமவர் ஜெயப்பிரகாஷ் நாராயண். அவர் 1922-இல் கலிபோர்னியா சென்றார். அவருக்கு மன்னர் உதவி இல்லை. திராட்சைத் தோட்டத்திலே கனி பறித்தும், உணவு விடுதியிலே பாத்திரம் கழுவியும் பொருள் ஈட்டினார். பெர்க்லி பல்கலைக்கழகத்திற் கட்டணம் இரு மடங்கானபோது அங்கே நீடிக்க இயலாமல் அயோவா சென்றார், பின் விஸ்கான்சின், இறுதியில் ஒகையோ. அங்கே சமூகவியலில் முதுகலைப் பட்டம் பெற்று 1929-இல் திரும்பினார். கல்லூரியின் புகழைத் தேடி அவர் இடம் மாறவில்லை. கட்டணம் குறைந்த இடத்தைத் தேடியே மாறினார்.

மூன்றாமவர் தமிழர். தஞ்சையில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா தணிக்கையாளராகத் தொழில் புரிந்தபின், முப்பத்தைந்து வயதில் அமெரிக்கா சென்றார். சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் 1928-இல் வணிக மேலாண்மைப் பட்டம் பெற்று, பின் கொலம்பியாவில் அதே செலிக்மனிடம் பொது நிதியியல் பயின்றார். அந்நியர் ஆட்சியின் வரிமுறை இந்தியாவை எவ்வாறு வறுமையில் ஆழ்த்தியது என்பதே அவர் ஆராய்ந்த பொருள். காந்தியடிகள் அவ்வாராய்ச்சியைத் தம் ‘யங் இந்தியா’ இதழில் தொடர்ந்து வெளியிட்டார். அமெரிக்கக் கல்வி அவரை அமெரிக்கராக்கவில்லை. நம் சிற்றூர்ப் பொருளாதாரத்தின் காவலராக்கியது.

இம்மூவரும் கல்வி கற்ற காலத்தில் ஒரு பெருமாறுதல் நிகழ்ந்துகொண்டிருந்தது. இன்று “தேர்ந்தெடுக்கும் பல்கலைக்கழகம்” என்கிறோமே, அம்முறை அப்பொழுதுதான் உருவாயிற்று. அதற்கு முன் அமெரிக்கக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வில் தேறியவர் பெரும்பாலும் இடம் பெற்றனர். இடத்திற்கு மேற்பட்டு ஆள் வந்து நிற்கும் நிலை அரிது. 1920-களிலே ஹார்வர்டு, கொலம்பியா போன்ற இடங்களில் யூதக் குடும்பத்து மாணவர் மிகுதியாகத் தேறினர். 1922-இல் ஹார்வர்டு மாணவருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் யூதர். அப்பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் லோவல் இதனைக் குறைக்க விரும்பினார். வெளிப்படையான வரம்பை ஆசிரியர் அவை ஏற்கவில்லை. எனவே வேறு வழி காணப்பட்டது. 1926 முதல் மாணவர் தொகைக்கு ஓர் உச்ச அளவு வகுத்தனர். மதிப்பெண்ணோடு “குணநலன்” என்பதையும் எடைபோட்டனர். ஒளிப்படம் கேட்டனர், நேர்காணல் நடத்தினர், பரிந்துரைக் கடிதம் வேண்டினர். ஒருவரை ஒதுக்குவதற்குரிய காரணத்தை இனி எவர்க்கும் கூறவேண்டுவதில்லை.

இங்கே நாம் நிதானமாகச் சிந்தித்தல் வேண்டும். மாணவனின் முழு ஆளுமையையும் காணவேண்டும் என்பது நல்ல கொள்கை. ஆசிரியப் பணி புரிந்த எவரும் மதிப்பெண் மட்டுமே மாணவன் என்று கூறார். ஆயினும் அந்நல்ல கொள்கை ஒரு கூட்டத்தாரை வெளியே நிறுத்தும் கருவியாகவும் பிறந்தது என்பதே வரலாற்றுண்மை. இன்று விண்ணப்பத்தோடு கட்டுரை எழுதி அனுப்பும் நம் மாணவர், அம்முறைக்கு இப்படியொரு பிறப்பு வரலாறு உண்டென்பதை அறிதல் நன்று.

அதே 1926-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் எஸ்.ஏ.டி. என்னும் தேர்வு முதன்முறையாக நடந்தது. ஏறத்தாழ 8,000 பேர் எழுதினர். பின்னர் ஹார்வர்டின் தலைவரான ஜேம்ஸ் கோனன்ட் செல்வக் குடும்பத்தாருக்கு அப்பாலும் திறனுடைய இளைஞரைக் கண்டெடுக்க இத்தேர்வைக் கையாண்டார். இவ்வாறு ஒருபுறம் வாயிலைக் குறுக்கும் முறையும், மறுபுறம் அதை விரிக்கும் முறையும் ஒரே காலத்திற் பிறந்து, ஒன்றோடொன்று பின்னி வளர்ந்தன. இன்றைய சேர்க்கை முறை அவ்விரண்டின் கலவையே ஆகும்.

அயல்நாட்டு மாணவரைப் பொறுத்தமட்டில் நாட்டின் சட்டமும் உடன் நின்றது. 1924-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஆசிய மக்களுக்குப் பெரும்பாலும் கதவடைத்தது; ஆயினும் கல்விக்காக மட்டும் வரும் மாணவரைத் தனி வகையாக்கி இடம் தந்தது. குடியேறுவோன் வேறு, கற்போன் வேறு என்னும் பிரிவு இவ்வாறு வேரூன்றியது. கற்று முடித்தபின் திரும்புவேன் என்று விசா அதிகாரியிடம் இன்றும் மாணவர் உறுதி கூற வேண்டியிருப்பது அப்பிரிவின் தொடர்ச்சியே.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் காற்று மாறிற்று. அயல்நாடுகளில் எஞ்சிக் கிடந்த போர்ச் சரக்குகளை விற்ற தொகையைக் கல்விப் பரிமாற்றத்திற்குப் பயன்படுத்தலாம் என்று செனட்டர் புல்பிரைட் கொணர்ந்த சட்டம் 1946-இல் நிறைவேறியது. 1950 பிப்ரவரியில் இந்தியாவும் அமெரிக்காவும் அத்திட்டத்தின்கீழ் உடன்பாடு செய்துகொண்டன. அத்திட்டத்தின்வழி 1950-களின் இறுதியில் இந்தியானா பல்கலைக்கழகம் சென்றவருள் ஏ. கே. இராமானுஜனும் ஒருவர். சங்க இலக்கியத்தை ஆங்கில உலகுக்கு அறிமுகம் செய்த பெரும்பணி அவருடையது. 1964-இல் அயல்நாட்டாரின் ஆங்கிலப் புலமையை அளக்கும் டோபல் தேர்வு தொடங்கியது. 1965-இல் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்டு, ஆசியருக்கு இருந்த பழைய தடைகள் நீங்கின. 1948-49-இல் அமெரிக்காவிற் பயின்ற அயல்நாட்டு மாணவர் சற்றேறக்குறைய 25,000 பேர். 2023-24-இல் அத்தொகை 11,26,690. அவருள் இந்தியர் 3,31,602; எல்லா நாட்டினும் முதலிடம் அது.

இவ்வெண்ணைக் கண்டு, வாயில் அகன்றுவிட்டது என்று முடிவு கட்டலாமோ? கட்டலாகாது. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் அயல்நாட்டாரை ஏற்கின்றன; புகழின் உச்சியிலிருப்பவையோ சில. 1952-இல் ஹார்வர்டு கல்லூரிக்கு விண்ணப்பித்தவருள் மூன்றில் இரு பங்கினர் இடம் பெற்றனர். 2024-இல் விண்ணப்பித்தவர் 54,008. இடம் பெற்றவர் 1,937. இருபத்தெட்டுப் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மொத்த விண்ணப்பதாரருள் நூற்றுக்கு நால்வர் அல்லது ஐவர் இடம் பெறுகின்றனர். அயல்நாட்டாரைத் தனியே எண்ணினாலோ நூற்றுக்கு ஏறத்தாழ இருவரே. இளங்கலை வகுப்பில் அயல்நாட்டார் பத்தில் ஒரு பங்கினை ஒட்டியே நிற்கவேண்டும் என்பது அக்கழகத்தின் நடைமுறை. அச்சிறு பங்குக்கே உலக நாடுகள் அனைத்தும் போட்டியிடுகின்றன. ஆகவே அங்கே வென்றவரைப் போலவே திறனுடையவர் பலர் வெளியே நிற்பது தவிர்க்க இயலாதது.

பொருள் வாயிலும் இன்னும் நிற்கிறது. ஹார்வர்டில் ஓராண்டுச் செலவு 80,000 டாலருக்கு மேல். நுழைவை முடிவுசெய்யும்பொழுது மாணவனின் பணவசதியைப் பாராமல் முடிவு செய்து, பின்னர் வேண்டிய உதவியை முழுமையாக அளிக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அமெரிக்க மாணவரளவில் இவை பல. அயல்நாட்டு மாணவரளவில் மிகச் சில. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை அச்சிலவற்றுள் அடங்கும். ஏனைய பலவற்றில், உதவி வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதுவதே அயல்நாட்டு மாணவனின் வாய்ப்பைக் குறைக்கக்கூடும். யுங் விங் கண்ட இரண்டு வாயில்களும் இங்கே ஒன்றாக இணைந்து நிற்கின்றன.

மூன்றாவதாகிய அரசியல் வாயிலும் மறையவில்லை. 2025 மே மாதம் 22-ஆம் நாள் அமெரிக்க அரசு, அயல்நாட்டு மாணவரைச் சேர்க்கும் உரிமையை ஹார்வர்டிடமிருந்து பறிப்பதாக அறிவித்தது. மறுநாளே நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. அதே மாத இறுதியில் உலகெங்கும் மாணவர் விசாவுக்கான புதிய நேர்காணல் நாள் ஒதுக்கீடு சில வாரங்கள் நிறுத்திவைக்கப்பட்டது. கையிலே சேர்க்கைக் கடிதத்தை வைத்துக்கொண்டு, செல்ல இயலுமா என்று அறியாது தவித்த இளைஞர் பலர். 1881-ஆம் ஆண்டுச் சிறுவரின் நிலையை அறிந்தோருக்கு இது புதுமையன்று.

இவ்வரலாற்றினின்று மாணவர் பெறத்தக்க பயன் யாது?

தலைமையாசிரியனாக இருந்த ஆண்டுகளில் மாணவர் பலர், “ஐயா, எனக்கு அங்கே இடம் கிடைக்குமா?” என்று என்னிடம் கேட்டதுண்டு. உடன் வந்த பெற்றோர், “நிலத்தை விற்றாவது அனுப்பலாமா, ஐயா?” என்று கேட்பர். மாணவருக்கு யான் கூறுவது இது: முயல்க, ஆனால் மறுப்புக் கடிதத்தை உன் அறிவின்மீது எழுதப்பட்ட தீர்ப்பாகக் கொள்ளாதே. அக்கடிதத்தில் இடப் பற்றாக்குறை இருக்கும்; நாட்டு எண்ணிக்கை இருக்கும்; பணக் கணக்கு இருக்கும்; அவ்வாண்டு அக்கல்லூரிக்கு எத்தகைய மாணவர் தேவை என்னும் எண்ணமும் இருக்கும். உன் திறனும் அவற்றுள் ஒன்று. அஃது ஒன்றே அன்று. சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 1976-இல் முனைவர் பட்டம் பெற்றது ஒகையோ பல்கலைக்கழகத்தில். மேலே கூறிய புகழ்ப் பட்டியலில் அப்பெயர் இல்லை. இயற்பியலில் பட்டம் பெற்றபின் உயிரியலை மீண்டும் மாணவராக அமர்ந்து கற்ற அவரைத் தேடி 2009-இல் நோபல் பரிசு வந்தது.

பெற்றோருக்கு யான் கூறுவது வேறு. இளங்கலைக்குச் செல்வது ஒன்றே வழியன்று. அமெரிக்கா செல்லும் இந்திய மாணவருட் பெரும்பாலோர் இங்கே பட்டம் முடித்து மேற்படிப்புக்குச் செல்வோரே. அவற்றுள்ளும் முனைவர் பட்டத்திற்குப் பல்கலைக்கழகமே கட்டணமும் உதவித்தொகையும் அளிப்பது பெருவழக்கு. முதுகலைக்கு அவ்வுதவி அரிது. இவ்வேறுபாட்டை அறியாமல் வீட்டையும் நிலத்தையும் ஈடு வைப்போர் உளர். இடம் பெற்றுத் தருவேன் என்று உறுதி கூறிப் பெருந்தொகை கேட்கும் தரகர் சொல்லை நம்புவோரும் உளர். நூற்றுக்கு இருவர் நுழையும் வாயிலுக்கு எவரும் உறுதி கூற இயலாது; கூறுபவர் தம் வருவாய்க்கே உறுதி தேடுகின்றனர். எந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு உதவி தருகிறது, எந்நிபந்தனையோடு தருகிறது என்பதை நேரே அதனிடமே எழுதிக் கேட்டறிதல் வேண்டும். உதவித்தொகையின் நிபந்தனையை வறுமையிலும் படித்துப் பார்த்து மறுத்த யுங் விங்கின் துணிவு இங்கே நமக்கு வழிகாட்டி.

இறுதியாக ஒன்று. வாயிலுள் நுழைந்தவர் பல்லாயிரவர். வரலாறு நினைவில் வைத்திருப்பவரோ சிலர். ஜான் தியன்யூவை அவர் அமைத்த இருப்புப்பாதையால் நினைக்கிறோம். அம்பேத்கரை அவர் ஆக்கித் தந்த அரசியல் சட்டத்தால் நினைக்கிறோம். குமரப்பாவை அவர் போற்றிய சிற்றூர்த் தொழிலால் நினைக்கிறோம். வாயிலின் அகலத்தைக் குறிப்பது அரசும் செல்வமும் காலமும். அவை நம் கையில் இல்லை. கற்கும் உழைப்பும், கற்றதைக் கொண்டு செய்யும் பணியும் நம் கையில் உள்ளன. அவ்விரண்டையும் உடைய மாணவனுக்கு ஒரு வாயில் அடைபடினும் வேறொரு வாயில் திறக்கும். அது கேம்பிரிட்ஜ் நகரில் இருப்பினும் ஒன்றே. கிண்டியில் இருப்பினும் ஒன்றே.